ஜனவரியிலேயே தொடங்க வேண்டிய வேலை

(ஜெயங்கொண்டத்தில் பிளஸ் டூ மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முந்திரி பூத்திருக்கிற நேரம். மருந்தடிக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

பரீட்சைக்கு எப்படிப் படிப்பது என்று உங்கள் ஆசிரியர்கள் சொல்லித் தருவார்கள். நான் பேச வந்தது அதற்கு அடுத்த கட்டம். மார்ச்சில் பரீட்சை முடியும். ஜூலை, ஆகஸ்டில் கல்லூரி வாசலில் நிற்க வேண்டும். நடுவில் இருக்கிற அந்த நாலு மாதத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 27 வருடம் கணக்குப் பாடம் எடுத்தேன். மதிப்பெண் குறைந்து வருத்தப்பட்ட பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு எப்படியும் ஒரு வழி கிடைத்துவிட்டது. நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு இந்த நாலு மாதத்தில் இடத்தைத் தவறவிட்ட பிள்ளைகள் முகம்தான் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

பெரியவர்களுக்கு ஒரு பழைய காட்சி நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 2007-இல் போனது. அதன் பிறகு பிளஸ் டூ மதிப்பெண்தான். கணக்கு 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கு, மொத்தம் 200-க்குக் கட்ஆஃப். கவுன்சலிங் கிண்டியில் நடக்கும். ராத்திரி பஸ் ஏறி விடிகாலையில் அங்கே போய் இறங்குவோம். எல்லா மாவட்டத்து ஜனமும் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும். கட்டுச்சோற்றைப் பிரித்தபடியே பக்கத்தில் இருப்பவரிடம், "உங்க பொண்ணு எவ்வளவு, எந்தக் காலேஜ் பார்க்கிறீங்க" என்று விசாரிப்போம். அந்த மரத்தடியிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். 2018-இலிருந்து எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டது. பஸ் செலவு மிச்சம், ஒரு நாள் கூலி மிச்சம். நல்லதுதான். ஆனால் மரத்தடியில் பேச்சுக்கொடுத்த அந்தப் பக்கத்து ஆள் இப்போது இல்லை. பிள்ளை ஒரு போனை வைத்துக்கொண்டு தனியாக முடிவெடுக்கிறது. அந்த இடத்தில் நாம் போய் உட்கார வேண்டும். இந்தக் கூட்டமே அதற்காகத்தான்.

முதலில் சான்றிதழ். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரி சான்று. மூன்றும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா அலுவலகம் என்று போய் வர வேண்டியவை. மே மாதம் ரிசல்ட் வந்த மறுநாள் தாலுகா முழுவதும் அங்கேதான் நிற்கும். இப்போது போனால் கூட்டம் இல்லை. சாதிச் சான்று பழைய அட்டையாக வைத்திருந்தால், டிஜிட்டல் கையெழுத்துள்ளதாக மாற்றிக்கொள்ளுங்கள். வருமானச் சான்றுக்கு ஆயுள் ஒரு வருடம்தான், அதனால் தேதியைப் பாருங்கள்.

பெயரையும் பாருங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும், சாதிச் சான்றில் ஓர் எழுத்து மாறியிருக்கும். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் படியுங்கள். திருத்துவதற்கு இப்போது நாள் இருக்கிறது, ஜூனில் இருக்காது.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்த பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். உங்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020-இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-இல் வந்தது. இதில் சேரும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததற்கான சான்று வேண்டும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கும் போய் விவரம் வாங்க வேண்டிவரும். பள்ளி திறந்திருக்கும்போதே அதை முடித்துவிடுங்கள்.

இதைக் கேட்டுவிட்டு, ஏப்ரலில் உங்கள் வீட்டுக்கு வரப்போகிற ஏஜென்ட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளில் வருவார், கையில் வழவழப்பான புத்தகம் இருக்கும். "சீட் நிச்சயம், இப்போ கொஞ்சம் முன்பணம் கட்டிட்டா போதும்" என்பார். என்னிடம் படித்த ஒரு பையன், முழுக்க அரசுப் பள்ளி. அவன் அப்பா முந்திரி விற்ற காசில் 20,000 ரூபாயை அப்படிக் கொடுத்துவிட்டார். அசல் மார்க் ஷீட், டி.சி. எல்லாவற்றையும் கல்லூரியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் 7.5 கிடையாது, முதல் பட்டதாரிச் சலுகையும் கிடையாது. ஒரு பைசா கட்டாமல் படிக்க வேண்டிய பிள்ளை நாலு வருடமும் கட்டிப் படித்தான். அவன் அப்பா என்னிடம் வந்து, "சார், சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வருடம் நான் இப்படி ஒரு கூட்டம் போடவில்லை.

அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2018-இலேயே அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். தயங்காமல் கேளுங்கள்.

சரி, இப்போது சாய்ஸ் ஃபில்லிங். இதற்குத்தான் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளப்போகிறேன், ஏனென்றால் அதிகம் தவறுவது இங்கேதான்.

ரேங்க் வந்த பிறகு, எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்று ஒரு பட்டியல் போட வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். உங்கள் முறை வரும்போது எந்த வரியில் இடம் இருக்கிறதோ அங்கே நின்றுவிடும். அதற்குக் கீழே பார்க்காது.

கடைக்குச் சீட்டெழுதிப் பையனை அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். "பொன்னி இருந்தால் பொன்னி, இல்லாவிட்டால் ஐ.ஆர். 20, அதுவும் இல்லாவிட்டால் எது இருக்கிறதோ அது." பொன்னி இல்லாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, பையன் அடுத்த வரிக்குப் போவான். ஆனால் "பொன்னி எங்கே கிடைக்கப்போகுது" என்று நீங்களே நினைத்துக்கொண்டு முதல் வரியில் ஐ.ஆர். 20 எழுதினால், கடையில் பொன்னி மூட்டை மூட்டையாகக் கிடந்தாலும் பையன் ஐ.ஆர். 20-தான் வாங்கி வருவான்.

என் மாணவி ஒருத்திக்கு 181 கட்ஆஃப். கம்ப்யூட்டர் சென்டரில் யாரோ சொன்னார்கள் என்று, கட்டாயம் கிடைக்கக்கூடிய கல்லூரியை முதலில் போட்டாள். அது கிடைத்தது. அவள் ஆசைப்பட்ட கல்லூரியில், அவள் பிரிவில், அவளைவிடக் குறைந்த கட்ஆஃபுக்கு அந்த வருடம் இடம் போயிருந்தது. மேலே எழுதத் தயங்கியதுதான் அவளுக்கு வினையாகிவிட்டது. கிடைக்காது என்று தோன்றுவதை மேலே போடுவதால் எதுவும் குறையாது. ஆசைப்படும் வரிசையில் போடுங்கள். அப்புறம் கீழே நிறையப் போடுங்கள். பத்து வரியோடு நிறுத்திவிட்டு எதுவும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போன பிள்ளைகளும் உண்டு.

கல்லூரிப் பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். ஒரே சாயலில் பெயர் உள்ள கல்லூரிகள் நிறைய. ஒவ்வொன்றுக்கும் கவுன்சலிங் எண் உண்டு. அந்த எண்ணை நோட்டில் எழுதி வைத்துச் சரிபாருங்கள். போன வருடம் எந்தக் கட்ஆஃபுக்கு எந்த இடம் போனது என்ற விவரம் இணையதளத்திலேயே கிடைக்கும். உங்கள் வகுப்புக்கு உரிய வரியைப் பாருங்கள். பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1 என்று 69 சதவீத இடஒதுக்கீடு பிரிந்திருக்கிறது. பொதுப் பட்டியலை மட்டும் பார்த்து மனம் தளர்ந்துவிடக் கூடாது.

இடம் வந்ததும் உறுதி செய்ய இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். இதுவே போதும், சேர்கிறேன் என்று சொல்லலாம். இதை வைத்துக்கொள்கிறேன், மேலே உள்ளது காலியானால் கொடுங்கள் என்றும் சொல்லலாம். எதுவுமே சொல்லாமல் விட்டால் இடம் போய்விடும். அந்த நாட்களில் ஓ.டி.பி. வருகிற போன் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். அப்பா அதை எடுத்துக்கொண்டு திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போய்விடக் கூடாது. சிரிக்கிறீர்கள், ஆனால் நம் தாலுகாவில் நடந்தது இது. விண்ணப்பத்தில் கொடுக்கிற எண் வீட்டிலேயே இருக்கிற எண்ணாக இருக்கட்டும்.

பொறியியல் பற்றியே பேசிவிட்டேன். அரசு கலை, அறிவியல் கல்லூரிகள் மாநிலத்தில் 160-க்கு மேல் இருக்கின்றன, அரியலூரிலும் இருக்கிறது. ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளுக்குப் போடலாம். விண்ணப்பக் கட்டணம் மிகக் குறைவு. தமிழ் இலக்கியம் எடுக்க நினைப்பவருக்குத் தமிழ் மதிப்பெண்ணை வைத்துத் தனி ரேங்க் உண்டு. இதை இரண்டாம் தரம் என்று வீட்டில் பேசாதீர்கள், நான் படித்ததே அரசுக் கலைக் கல்லூரியில்தான்.

கணக்கில் உயிராக இருக்கும் பிள்ளைக்குச் சிறுசேரியில் சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, தனித் தேர்வு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புகளுக்கு கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நீட் உங்களுக்குத் தெரியும். "முதல்ல ரிசல்ட் வரட்டும்" என்று சொல்கிறோமே, இந்தத் தேர்வுகளுக்கெல்லாம் ரிசல்ட் வருவதற்கு முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும். ஜனவரியில் உங்களைக் கூப்பிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெண் பிள்ளைகளின் அப்பாக்களிடம் ஒன்று பேச வேண்டும். "தூரம் சார், அனுப்ப மாட்டேன்" என்று சொல்லும்போது உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. சில வருடம் முன்பு ஒருவர் இப்படித்தான் முடிவாகச் சொல்லிவிட்டார். பெண்ணுக்குக் கோயம்புத்தூரில் வேளாண்மை கிடைத்திருந்தது. நான் வாதாடவில்லை. "ஐயா, ஒரு நாள் போய்ப் பார்த்துட்டு வரலாம், அப்புறம் நீங்க சொல்றதுதான்" என்று கூட்டிக்கொண்டு போனேன். விடுதியைப் பார்த்தார். வார்டன் அம்மாவிடம் அரைமணி நேரம் பேசினார். சமையலறைக்குள் போய் அண்டாவைத் திறந்து பார்த்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ரொம்ப நேரம் பேசவில்லை. விருத்தாசலம் தாண்டியதும், "பெட்டி ஒண்ணு வாங்கணும் சார்" என்றார். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022-இலிருந்து வருகிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-இல் வந்தது. அந்தப் பணம் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆகும். ஆனாலும் அவர் மனதை மாற்றியது அந்த அண்டாதான். போய்ப் பாருங்கள்.

கல்விக் கடன் வேண்டுமென்றால் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள், அப்போது விண்ணப்பித்ததற்குப் பதிவு இருக்கும். 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. படிப்பு முடியும் வரை தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அதை மேனேஜரிடம் தெளிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்ன படிக்க ஆசை என்று இன்று ராத்திரி அம்மா அப்பாவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஜூலையில், பட்டியல் போடும்போது, முதல்முறையாகச் சொல்லாதீர்கள்.

வாசலில் மேசைமேல் 60 கோப்புகள் வைத்திருக்கிறேன், வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே எந்தச் சான்றிதழ் எங்கே வாங்குவது என்று ஒரு தாள் இருக்கும். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு இங்கேயே இருப்பேன். ஆதார், மார்க் ஷீட், சாதிச் சான்று மூன்றையும் எடுத்து வாருங்கள், பெயரை உட்கார்ந்து சரிபார்ப்போம். இப்போது கேள்வி இருந்தால் கேளுங்கள். பின்வரிசையில் அந்த அம்மா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கியபடி இருக்கிறார்கள், அவர்களிலிருந்து தொடங்கலாம்.