ட்ரம்பெட் இல்லாத ஸ்கா பங்க்: ஆபரேஷன் ஐவி

[திரையில்: ஒரு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம் செட், ஒரு மைக்]

ஜமைக்காவோட ஸ்கா தாளமும் வேகமான, முரட்டு பங்க் ராக்கும் கலந்ததுதான் ஸ்கா பங்க். அந்தப் பேரைச் சொன்னதும் ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸஃபோன்னு மேடையில வரிசையா நிக்கறவங்கதான் பல பேருக்கு ஞாபகம் வருவாங்க. கலிஃபோர்னியாவுல பெர்க்லி ஊர்ல 1987-ல தொடங்கின ஆபரேஷன் ஐவிங்கற குழுவுல அந்த வரிசையே கிடையாது. பாட்டு ஜெஸ்ஸி மைக்கேல்ஸ், கிட்டார் டிம் ஆர்ம்ஸ்ட்ராங், பேஸ் மேட் ஃப்ரீமன், டிரம்ஸ் டேவ் மெல்லோ. மொத்தமே நாலு பேர்தான். 'பேட் டவுன்' பாட்டுல மட்டும் ஒரு சாக்ஸஃபோன் வந்துட்டுப் போகும். அப்படி இருந்தும் கேட்ட உடனே ஸ்கானு தெரியுது. அதுக்குக் காரணம் கிட்டார் விழற இடம்.

[திரையில்: எட்டுக் கட்டம். 1, ம், 2, ம், 3, ம், 4, ம்]

"ஒண்ணு-ம், ரெண்டு-ம், மூணு-ம், நாலு-ம்"னு எண்ணிக்கிட்டே கால் தட்டுங்க. கால் விழறது எண் மேல. கிட்டார் விழறது அந்த "ம்" மேல மட்டும். ஜமைக்காவுல 1950-கள் முடியற நேரத்துல பிறந்த ஸ்காவோட அடையாளமே இதுதான். எண் விழற இடத்துல கிட்டார் சத்தமே வரக்கூடாது.

[திரையில்: இடது கை, நெருக்கத்தில்]

கையை நல்லா கவனிங்க. பார் கார்டு, அதாவது ஒரே விரலைப் படுக்க வெச்சுப் பல கம்பியை அழுத்தற கார்டு பிடிச்சு, மெல்லிசா இருக்கற மூணு கம்பியை மட்டும் பிக்கால (கம்பியை மீட்டற சின்னத் தகடு) தட்டணும். தட்டின அடுத்த நொடியே இடது கை அழுத்தத்தைத் தளர்த்தணும். தளர்த்தினாப் போதும், விரலைத் தூக்கிடக் கூடாது. விரல் கம்பியைத் தொட்டுக்கிட்டே இருந்தா "சக்"னு ஒலி அறுபடும். முழுசாத் தூக்கிட்டா கம்பி திறந்து கணகணன்னு ஒலிக்க ஆரம்பிச்சுடும், இடைவெளியே இருக்காது. புதுசா வாசிக்கறவங்க அதிகமாத் தடுமாறறது இங்கதான்.

அடுத்த சிக்கல் டிஸ்டார்ஷன், அதாவது ஆம்ப்ளிஃபையர்ல (ஆம்ப்) கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கறது. அதை அதிகமா ஏத்தினா பெரிய ஒலியும் சின்ன ஒலியும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்கு வந்துடும். கம்பியோட உரசல், ஆம்ப்போட இரைச்சல் எல்லாம் மேல எழும்பி, மௌனமா இருக்க வேண்டிய இடத்தை நிரப்பிடும். பல்லவியில பங்க்கோட முரட்டு ஒலி வேணும், சரணத்துல அந்த "சக்" வெட்டும் வேணும், கையில இருக்கறதோ ஒரே கிட்டார். எளிமையான வழி ஒண்ணு உண்டு. ஆம்ப்பைப் பல்லவிக்குத் தகுந்த மாதிரி வெச்சுட்டு, சரணத்துல கிட்டார்ல இருக்கற வால்யூம் குமிழை 5, 6-க்கு இறக்கணும். பல்லவி வந்ததும் 10-க்குத் திருப்பணும். சுத்தமா மெருகான ஒலிக்கு ஆசைப்படாதீங்க. ஐவியோட ஸ்கா பகுதியிலயே கொஞ்சம் அழுக்கு இருக்கு, அதுதான் அழகு.

[திரையில்: அதே கட்டம். கிக் எண் மேல், ஸ்னேர் "ம்" மேல்]

என் பார்வையில இந்தப் பாணியோட நுட்பமான இடம், ஸ்காவுல இருந்து பங்க்குக்குத் தாவற அந்த நொடி. வேகமான பங்க் தாளத்துல கிக் (காலால அடிக்கற பெரிய டிரம்) எண் மேல விழும், ஸ்னேர் ("டப்"னு கூர்மையா ஒலிக்கற டிரம்) "ம்" மேல விழும். அதாவது சரணத்துல கிட்டார் பிடிச்சிருந்த இடத்தைப் பல்லவியில ஸ்னேர் வாங்கிக்குது. கிட்டார் விடுபட்டு, தடிச்ச கம்பிகள்ல பவர் கார்டை (ரெண்டே சுரம் இருக்கற கார்டு) இடைவிடாம கீழ்நோக்கி அடிக்குது. காலோட தட்டு மாறவே இல்ல, ஆனா பாட்டோட வேகம் ரெண்டு மடங்கான மாதிரி கேக்குது.

இங்க கெட்டுப்போறது பெரும்பாலும் டிரம்ஸ்ல. பல்லவி வர்ற உற்சாகத்துல டிரம்மர் நிஜமாவே வேகத்தைக் கூட்டிடுவார். திரும்பிச் சரணம் வரும்போது கிட்டாரால அந்த வெட்டைப் பிடிக்க முடியாது. தாளம் தட்டிக் காட்டற மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 120 தட்டுல வெச்சு, நாலு சுற்று ஸ்கா, நாலு சுற்று பங்க்னு மாத்தி மாத்தி வாசிங்க. ஒட்டு தெரியாம வந்தப்புறம் அஞ்சு அஞ்சா ஏத்துங்க.

பேஸுக்கு இங்க ரெட்டை வேலை. எண் மேல கிட்டார் இல்லாததால அந்த இடத்தைத் தாங்கிப் பிடிக்கறதும் பேஸ், ட்ரம்பெட் பாட வேண்டிய மெட்டைப் பாடறதும் பேஸ். ஃப்ரீமன் ஒரே சுரத்துல நிக்கறது அபூர்வம். ஒரு கார்டுல இருந்து அடுத்ததுக்குப் படிப்படியா நடந்து போவார். இதை வாசிக்கும்போது ஆம்ப்ல அடி ஒலியை ஏத்தினா வெறும் உறுமல்தான் மிஞ்சும். நடு ஒலியை ஏத்துங்க, சுரம் தனித்தனியாக் கேக்கும்.

[திரையில்: 924 கில்மன் தெரு]

இவங்க வளர்ந்த இடம் பெர்க்லியில 924 கில்மன். 1986 டிசம்பர் 31 அன்னிக்குத் திறந்த, தன்னார்வலர்கள் நடத்தற அரங்கு. எந்த வயசுக்காரங்களும் வரலாம். மது கிடையாது, போதைப்பொருள் கிடையாது, வன்முறையும் இனவெறியும் கூடாது. மதுக்கூடத்துல மட்டுமே கச்சேரி நடந்திருந்தா பள்ளிக்கூடப் பிள்ளைங்க உள்ளயே வந்திருக்க முடியாது. இந்த இசையைத் தூக்கிப் பிடிச்சதே அவங்கதான்.

1988 ஜனவரியில லுக்அவுட் ரெக்கார்ட்ஸ்ங்கற இசை வெளியீட்டு நிறுவனம் ஒரே நேரத்துல நாலு 7 அங்குல வினைல் தட்டுகளை வெளியிட்டுச்சு. அதுல ஒண்ணு இவங்களோட 'ஹெக்டிக்', ஆறு பாட்டு. 7 அங்குலத் தட்டுல ஒரு பக்கத்துக்குச் சில நிமிஷம்தான் நல்லாப் பதியும். அதுக்கு மேல திணிச்சா பள்ளங்கள் நெருங்கி ஒலி அளவும் அடி ஒலியும் குறைஞ்சுடும். கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷத்துல முடியற பாட்டுங்க இந்த அளவுக்குப் பாந்தமாப் பொருந்திடுச்சு.

முழு ஆல்பம் 'எனர்ஜி'. முதல்ல கில்மன்லயே பதிவு பண்ணிப் பார்த்து, அதைக் கைவிட்டுட்டாங்க. 1989 ஜனவரியில சான் ஃபிரான்சிஸ்கோவுல ஒரு ஸ்டுடியோவுல தயாரிப்பாளர் கெவின் ஆர்மியோட சேர்ந்து பதிஞ்சாங்க. 19 பாட்டு. அதே வருஷம் மே 28 கில்மன்ல கடைசிக் கச்சேரி. ரெண்டு வருஷத்துல குழு கலைஞ்சுடுச்சு. ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஃப்ரீமனும் 1991-ல ரான்சிட்ங்கற பங்க் குழுவைத் தொடங்கினாங்க. 'நாலெட்ஜ்' பாட்டை 1990-லயே கிரீன் டே குழு பாடிப் பதிஞ்சுது.

[திரையில்: 1991 சிடியின் அட்டை]

1991-ல வந்த சிடியில 'எனர்ஜி', 'ஹெக்டிக்', ஒரு தொகுப்புக்காகப் பதிஞ்ச ரெண்டு பாட்டு எல்லாம் சேர்த்து 27 பாட்டு. கேக்க ஆரம்பிக்க இது ஒண்ணே போதும். முதல் பாட்டு 'நாலெட்ஜ்' முழுக்க பங்க், ஸ்கா வெட்டு ஒண்ணுகூடக் கிடையாது. ரெண்டாவது 'சவுண்ட் சிஸ்டம்'. பிளேயர்ல வேகத்தை 0.75-க்குக் குறைச்சு, ரெண்டையும் அடுத்தடுத்துப் போடுங்க. முதல் பாட்டுல ஸ்னேரோட எண்ணுங்க, ரெண்டாவதுல கிட்டாரோட எண்ணுங்க.