மே மாதத்திலும் பாடம் உண்டு: ஏற்காட்டில் பேசியது

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, அழகாக வரவேற்புரை ஆற்றிய தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, எனக்கு முன்னால் மனம்விட்டுப் பேசிய தோட்டத் தொழிலாளர் சங்கத்து அண்ணன் அவர்களே, இந்த மண்டபத்துக்கு வாடகையே வேண்டாம் என்று திறந்துவிட்ட பெரியவர் அவர்களே, மைக் செட் போட்ட தம்பிகளே, பின்வரிசையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். சால்வை வேண்டாம் என்றதும் ஒரு புத்தகமும் ஒரு பை மிளகும் கொடுத்தீர்கள், அதற்குத் தனியாக ஒரு நன்றி.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கிறேன், மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் மகளைப் போலப் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு எதற்காக ஆண்டு முழுக்கப் பாடம், சட்டமும் பரீட்சையும் என்ன ஆகும், மற்ற பிள்ளைகளோடு பழக்கம் எப்படி வரும். இந்த மூன்றுக்கும் என் பதில் எங்கள் அம்மாயி சொல்லும் பழமொழிதான்: அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். ஒரே நாளில் பத்து அடி அடித்துவிட்டு ரெண்டு மாதம் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அம்மி இருந்த இடத்தில்தான் இருக்கும்.

ஆண்டு முழுக்க என்றதும் பிள்ளையைக் கட்டிப்போடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் காலையில் ரெண்டு மணி நேரம், அவ்வளவுதான் உட்கார்ந்து படிப்பது. லீவும் உண்டு, ஆனால் பிரித்துப் பிரித்து விடுகிறோம். பொங்கலுக்கு ஒரு வாரம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்துவிட்டால் பூச்சாட்டிலிருந்தே யாரும் புத்தகத்தைத் தொடுவதில்லை. காய்ச்சல் சளி என்றால் அன்றைக்கும் லீவுதான்.

போன மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். என் மகளுக்குச் சதவீதக் கணக்கு ஏறவே இல்லை. நோட்டைப் பார்த்தாலே கண்ணில் தண்ணீர். எங்கள் தெருவில் ஒரு தாத்தா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், வைகாசி முகூர்த்தத்துக்கு ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். இவள் வேடிக்கை பார்க்கப் போனாள். அவர் கண்ணிகளைக் கோத்துப் பற்றவைத்துக்கொண்டே, "ஏங்கண்ணு, இந்தக் கொலுசு 65 கிராம், 80 டச். சுத்த வெள்ளி எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார். டச் என்பது 100 கிராமில் சுத்த வெள்ளி எத்தனை கிராம் என்ற கணக்கு. 100 கிராமுக்கு 80 என்றால் 65-க்கு எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணி, தரையில் கிறுக்கி, கடைசியில் 52 என்றாளாம். "சரி, இப்ப 80 டச்சுல 100 கிராம், 50 டச்சுல 50 கிராம், ரெண்டையும் ஒண்ணா உருக்குறேன். என்ன டச் வரும்?" இவள் யோசிக்காமல் 65 என்றாள். 80-க்கும் 50-க்கும் நடுவில் 65, நாமும் அதைத்தானே சொல்வோம்? தாத்தா கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். "65-னு வித்தா என் ஏழரை கிராம் வெள்ளி எங்க கண்ணு போச்சு?"

அந்த ஏழரை கிராமைத் தேடி அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை அவள். முதல் கட்டியில் 80 கிராம் வெள்ளி, இரண்டாவதில் 25, கூட்டினால் 105. மொத்த எடை 150. அப்படியென்றால் 70 டச். 65 டச் என்றால் தொண்ணூற்றேழரை கிராம்தான் கணக்கில் வரும், மீதி ஏழரை கிராம் காணாமல் போகிறது. மறுநாள் காலையில் பட்டறை திறக்கும் முன்னாலேயே வாசலில் போய் நின்று சொல்லிவிட்டு வந்தாள். இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் தள்ளுபடி பலகையைப் பார்த்து வாய்க்கணக்கு போடுகிறாள். அடிமேல் அடி, அம்மி நகர்ந்தது!

அப்புறம் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், ஆறு முதல் எட்டு வரை 220 என்கிறது. சின்னப் பிள்ளைக்கு மீதி 165 நாள், அது நம் பொறுப்பு. பரீட்சைக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது, 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்யலாம். இதில் சந்தேகம் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகளும் நம் பிள்ளைகள்தானே. 2023-லும் 2024-லும் வெயில் தாங்காமல் ஜூன் 10-க்கு முன்னால் பள்ளி திறக்கவில்லை. சேலத்தில் சரி, அங்கே அனல் அடிக்கிறது. ஏற்காட்டில் மே மாதம்தான் ஊரே கோடை விழாவுக்கு ஏறி வருகிறது. அந்தக் குளிரில் உங்கள் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? ரோட்டோரம் நின்று கார் எண்ணுகிறார்கள். நவம்பரிலிருந்து காப்பிப் பழம் பறிப்பு, அப்போது அம்மா அப்பாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் மே மாதத்தில் பிள்ளை கையில் ஒரு புத்தகம் இல்லை.

இதற்காகத்தான் நாங்கள் கோடை நூலகம் கேட்கிறோம். 1948-லேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. நாம் கட்டும் சொத்துவரியோடு ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். அந்தக் காசில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை மலைக் கிராமத்து நூலகங்களைக் காலையிலிருந்து இருட்டும்வரை திறந்து வையுங்கள், பிள்ளைகளுக்கென்று ஒரு அலமாரி, உட்கார ரெண்டு பாய், தராசு ஒன்று, அளவு டேப் ஒன்று போடுங்கள் என்கிறோம். வீட்டில் படிக்கும் பிள்ளையும் பள்ளிப் பிள்ளையும் அங்கே ஒன்றாக உட்காரட்டும். மனு கொடுத்தால் உடனே நடக்குமா என்று அண்ணன் கேட்டார். ஒரு மனுவில் நடக்காது. அடிமேல் அடி அடிப்போம்.

மூன்றாவது விஷயத்துக்கு நேரம் இல்லை, தலைவர் மணி பார்க்கிறார், கடைசி பஸ்ஸுக்குப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். மனுத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பெரியவர்கள் கையெழுத்து போடுங்கள், பிள்ளைகள் எந்தப் புத்தகம் வேண்டும் என்று பின்பக்கத்தில் எழுதுங்கள். பேனா அந்தத் தம்பியிடம் இருக்கிறது.