அந்தப் பன்றிக்கு நியாயம் கிடைத்திருந்தால்

நடுவர் அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசி இந்த அரங்கையே கட்டிப்போட்ட எதிரணி நண்பருக்கும், என் அணித் தோழர்களுக்கும், நாள் முழுக்க உழைத்த களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பழங்கிரேக்கக் கதைகளிலும், அயர்லாந்து, வேல்ஸ் நாடுகளின் கெல்டியக் கதைகளிலும் மனிதனின் வாழ்வை முடிவு செய்வது விதியா, மனிதனா? இதுதான் தலைப்பு. மனிதனே என்று பேச வந்திருக்கிறேன். பேசக் கொடுத்த பக்கம் என்பதற்காக அல்ல. இந்தக் கதைகளைப் படித்துப் படித்து எனக்குள் ஊறிப்போன எண்ணம் அதுதான்.

நண்பர் நான்கு சான்றுகளை வைத்துவிட்டு அமர்ந்தார். பெற்ற மகன் சார்பிடானைக் காப்பாற்ற வழியில்லாமல் கிரேக்கத் தேவர்களின் அரசன் ஜீயஸே அழுதார் என்றார். விதியிலிருந்து கடவுளாலும் தப்ப முடியாது என்று கிரேக்கர்கள் குறி கேட்கும் டெல்ஃபி கோயிலே சொன்னது என்றார். ஈடிபஸைச் சொன்னார். அயர்லாந்து மன்னன் கோனரே, தன்மேல் விதிக்கப்பட்ட தடைகளை ஒவ்வொன்றாக மீறும்படி எப்படி இழுத்துச் செல்லப்பட்டான் என்று உருக்கமாகச் சொன்னார். நல்ல சான்றுகள். ஆனால் நான்கையும் பாதியில் நிறுத்திவிட்டார். நான் மீதியைச் சொல்கிறேன்.

முதலில் சார்பிடான். ட்ராய்ப் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியம், 16ஆம் காண்டம். மகன் சாகப்போகிறான், தூக்கிக்கொண்டு போய் அவன் நாடான லிசியாவில் விட்டுவிடலாமா என்று ஜீயஸ் யோசிக்கிறார். அவர் மனைவி ஹீரா என்ன சொல்கிறாள்? "உன்னால் முடியாது" என்று சொல்லவில்லை. "செய். ஆனால் மற்ற தேவர்கள் எல்லோரும் ஒப்ப மாட்டார்கள். நாளைக்கு அவரவர் பிள்ளையை அவரவர் காப்பாற்றக் கிளம்புவார்கள்" என்கிறாள். ஜீயஸ் அதைக் கேட்டு அடங்குகிறார், ரத்தத் துளிகளை மழையாகப் பொழிகிறார். அங்கே ஜீயஸின் கையைக் கட்டிய சங்கிலி எதையும் ஹோமர் காட்டவில்லை. தன் பிள்ளைக்கு ஒரு நியாயம், ஊரான் பிள்ளைக்கு ஒரு நியாயம் வேண்டாம் என்று ஒரு தகப்பன் எடுத்த முடிவுதான் அங்கே இருக்கிறது.

சரி, அந்தச் சார்பிடான் என்ன சொன்னான்? நான்கு காண்டம் முன்னாலேயே சொல்லிவிட்டான். நண்பன் கிளாக்கஸிடம் பேசுகிறான். "நமக்கு ஊரில் முதல் இருக்கை, நல்ல இறைச்சி, நிறைந்த கோப்பை, ஆற்றங்கரையில் நிலம் எல்லாம் தந்தார்களே, எதற்காக? முன்வரிசையில் நிற்பதற்காக. இந்தப் போரில் தப்பித்தால் சாவே வராது என்றால் நானும் முன்னால் போய் நிற்க மாட்டேன், உன்னையும் அனுப்ப மாட்டேன். ஆனால் சாவு ஆயிரம் வழியில் நம்மைச் சுற்றி நிற்கிறதே. வா, போகலாம்." தின்ற சோற்றுக்குக் கணக்கு பார்த்துவிட்டுக் களத்துக்குப் போகிறவன் இவன். சாவு வரும் என்பது மட்டும்தான் விதியின் பங்கு. எங்கே நின்று அதைச் சந்திப்பது என்பதை அவனே முடிவு செய்தான்.

டெல்ஃபிக்கு வருவோம். நண்பர் சொன்ன வாக்கியம் லிடியா மன்னன் கிரீசஸுக்குக் கிடைத்த பதில். ஹாலிஸ் ஆற்றைக் கடந்து பாரசீகரோடு போருக்குப் போனால் ஒரு பெரிய பேரரசு அழியும் என்றது குறி. போனான், அழிந்தது அவன் பேரரசு. கடவுள் ஏமாற்றிவிட்டார் என்று ஆள் அனுப்பிக் கேட்டான். "விதியிலிருந்து கடவுளாலும் தப்ப முடியாது" என்று வந்த பதிலை நண்பர் சொன்னார். அதே பதிலில், டெல்ஃபியின் கடவுள் அப்போலோ மன்றாடி அந்த வீழ்ச்சியை மூன்று ஆண்டுகள் தள்ளி வைத்தார் என்றும் இருக்கிறது. எந்தப் பேரரசு என்று மறுபடி ஆள் அனுப்பிக் கேட்டிருக்க வேண்டியது நீ, கேட்காததற்கு உன்னையே நொந்துகொள் என்றும் இருக்கிறது. அதைக் கேட்டுக் கிரீசஸ், குற்றம் கடவுளுடையதல்ல, தன்னுடையதே என்று ஒப்புக்கொண்டான். எழுதிவைத்தவர் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். மன்னனே ஒப்புக்கொண்ட குற்றத்தை நண்பர் எதற்காக விதியின் தலையில் தூக்கி வைக்கிறார்?

மறுபடி போய்க் கேட்டவர்களும் உண்டு. ஏதென்ஸ்காரர்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச அனுமதிக்க வேண்டும், நடுவர் அவர்களே. கிமு 480. பாரசீக மன்னன் செர்க்சிஸ் பெரும்படையோடு வருகிறான். ஏதென்ஸ் தூதர்கள் டெல்ஃபியில் குறி கேட்கப் போய் உட்காருகிறார்கள். வாய் திறந்து கேட்பதற்கு முன்பே பூசாரிப் பெண் கத்துகிறாள்: "ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், பாவிகளே? உலகத்தின் கடைக்கோடிக்கு ஓடுங்கள்!" விதியை நம்பி வாழ்கிற ஊராக இருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருக்க வேண்டும்.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கையில் ஒலிவக் கிளைகளைப் பிடித்துக்கொண்டு, அடைக்கலம் கேட்பவர்களாக அதே வாசலுக்குத் திரும்பிப் போனார்கள். "ஐயனே, எங்கள் நாட்டுக்கு இதைவிட நல்ல வாக்காக ஒன்று சொல். சொல்லாவிட்டால் இந்த இடத்தை விட்டு நகர மாட்டோம், இங்கேயே கிடந்து சாவோம்" என்றார்கள். கடவுளின் வாசலில் தர்ணா! இரண்டாவது வாக்கு வந்தது. மரச்சுவர் ஒன்று மட்டும் விழாமல் நிற்கும். தெய்வீக சலாமிஸே, தாய்மார் பெற்ற பிள்ளைகளை நீ அழிப்பாய். சலாமிஸ் என்பது ஏதென்ஸுக்குப் பக்கத்துத் தீவு.

ஊரில் வாதம் கிளம்பியது. மரச்சுவர் என்றால் அக்ரோபோலிஸ் குன்றைச் சுற்றி அந்தக் காலத்தில் இருந்த முள்வேலி என்றார்கள் சில பெரியவர்கள். கப்பல்தான் என்றார்கள் சிலர். கப்பல் என்றால் சலாமிஸில் நம் பிள்ளைகள் சாவார்கள் என்றல்லவா வருகிறது என்று குறி சொல்பவர்கள் பயமுறுத்தினார்கள். அப்போது ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோகிளீஸ் எழுந்தார். சாகப்போவது நாமாக இருந்தால் "கொடிய சலாமிஸே" என்றல்லவா கடவுள் சொல்லியிருப்பார்? "தெய்வீக" என்று ஏன் சொன்னார்? சாகப்போவது எதிரி. கப்பலில் ஏறுங்கள். ஒரு சொல், ஒரே ஒரு அடைமொழி. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் ஒரு நகரத்தையே கடலுக்குக் கூட்டிப் போனார்.

ஏறுவதற்குக் கப்பல் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் லாரியம் சுரங்கத்தில் வெள்ளி கிடைத்தது. ஆளுக்குப் பத்து திராக்மா பிரித்துக்கொள்ள இருந்தார்கள். பிரிக்காதீர்கள், 200 கப்பல் கட்டுங்கள் என்று பேசி ஒப்புக்கொள்ள வைத்தவரும் இதே தெமிஸ்டோகிளீஸ். மரச்சுவர் என்பதை நேர்ப் பொருளில் எடுத்துக்கொண்டு குன்றின் மேல் கதவுகளையும் பலகைகளையும் அடுக்கி நின்றவர்களும் இருந்தார்கள். பாரசீகர் தீ அம்பு எய்தார்கள். பலகைகள் எரிந்தன, அவர்கள் மாண்டார்கள். குறி ஒன்றுதான். ஒரு கூட்டம் செத்தது, ஒரு கூட்டம் சலாமிஸில் வென்றது. விதிதான் முடிவு செய்தது என்றால் இந்த இரண்டில் எது விதி?

இதே டெல்ஃபிமீது கிமு 279இல் கெல்டியப் படை ஒன்று பாய்ந்தது. கல்லிலும் மரத்திலும் கடவுளுக்கு உருவம் செய்து வைத்திருக்கிறார்களே என்று அதன் தலைவன் பிரென்னஸ் சிரித்தானாம். அந்த இனத்தின் ஒரு கிளைதான் அயர்லாந்தில் வாழ்ந்தது. அவர்களுடைய பழங்கதைகளைக் கிறிஸ்தவத் துறவிகள் தோல் ஏடுகளில் எழுதிக் காப்பாற்றினார்கள். நமக்கு இன்று கிடைக்கும் பழைய ஏடு சுமார் 900 ஆண்டுகளுக்கு முந்தையது. தங்கள் சமயத்துக்கு ஒவ்வாத கதை என்று தெரிந்தும் அதை அழிக்காமல் எழுதிவைத்த அந்தக் கைகளுக்கு நான் எப்போதும் மனதுக்குள் ஒரு கும்பிடு போடுவேன்.

அந்த ஏட்டில் இருக்கிறது கோனரேயின் கதை. 'கெஷ்' என்பது ஐரிஷ் மரபில் ஒருவன்மேல் விழும் தடை. இன்னது செய்யக் கூடாது, மீறினால் அழிவு. கோனரே அரசனானபோது அவன்மேல் ஒரு வரிசையே விழுந்தது. அரசர்களின் குன்றான தாராவை வலம் சுற்றக் கூடாது. பொழுது சாய்ந்தபின் தனியாக வரும் பெண்ணை உள்ளே விடக் கூடாது. சிவப்பு ஆட்கள் மூவர் தனக்கு முன்னால் சிவப்பன் வீட்டுக்குப் போகக் கூடாது. அவன் ஆட்சியில் கொள்ளை நடக்கக் கூடாது. கடைசி நாட்களில் இவை சரசரவென்று உடைவதை நண்பர் அழகாகச் சொன்னார். முதலில் உடைந்தது எது என்று சொல்லாமல் விட்டுவிட்டார்.

கோனரேயோடு ஒரே வீட்டில் வளர்ந்த வளர்ப்புச் சகோதரர்கள் மூன்று பேர். ஆண்டுதோறும் ஒரே குடியானவனிடமிருந்து ஒரு பன்றி, ஒரு கன்று, ஒரு மாடு திருடினார்கள். மன்னன் என்ன தண்டனை தருகிறான் பார்ப்போம் என்றே திருடினார்கள். அந்தக் குடியானவன் ஆண்டுதோறும் மன்னனிடம் போய் முறையிட்டான். மன்னன் சொன்ன பதில்: "அவர்களிடமே போய்ப் பேசிக்கொள்." போனால் கொல்ல வருவார்கள், திரும்பி வந்து மன்னனைத் தொந்தரவு செய்யவும் அவனுக்கு மனமில்லை.

இதைப் படித்த ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிகிறது. அந்த ஆளுக்குப் பெயர்கூடக் கிடையாது. ஒரு பன்றிக்கு நியாயம் கேட்டு அலைந்தவன்.

திருட்டு பழகிக் கொள்ளை ஆனது; முதல் தடை அங்கேதான் உடைந்தது. பிரபுக்களின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு கிளம்பி ஒருநாள் பிடிபட்டார்கள். கோனரே தீர்ப்புச் சொன்னான்: ஒவ்வொரு தகப்பனும் தன் பிள்ளையைக் கொல்லட்டும், என் சகோதரர்களை மட்டும் விட்டுவிடுங்கள். சொன்ன வாய்க்கே உறுத்தியது. நான் சொன்ன இந்தத் தீர்ப்பு என் ஆயுளைக் கூட்டாது என்று அவனே சொல்கிறான். பிறகு யாரையும் தூக்கிலிடாமல் எல்லோரையும் கடல் கடந்து போய்க் கொள்ளையடிக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறான். மற்ற தடைகள் எல்லாம் இதற்குப் பிறகுதான் உடைகின்றன. சிவப்பு ஆட்கள் வருவதும், தனியாக ஒரு பெண் வாசலில் நிற்பதும் இதற்குப் பிறகுதான். கோனரே கடைசியாகத் தங்கிய டா டெர்காவின் விடுதியை இரவில் சூழ்ந்த படையில் யார் இருந்தார்கள்? அதே மூன்று பேர்! மன்னன் காப்பாற்றிய கைகள்தான் அந்த விடுதிக்குத் தீ வைக்க வந்தன. இதை விதி என்று சொன்னால், பன்றியைப் பறிகொடுத்தவனுக்கு நாம் இரண்டாவது முறையாக அநியாயம் செய்கிறோம்.

வேல்ஸ் நாட்டுக் கதை ஒன்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அரியன்ரோத் பெற்ற பிள்ளைமேலேயே மூன்று விதி போடுகிறாள்: நான் வைத்தாலொழிய உனக்குப் பெயர் இல்லை, நான் தந்தாலொழிய ஆயுதம் இல்லை, மண்ணில் வாழும் எந்த இனத்திலும் உனக்கு மனைவி இல்லை. பையனை வளர்த்த குவிடியன் செருப்புத் தைப்பவனாக வேடம் போட்டுப் படகில் வந்தான். பையன் ஒரு சிறு குருவியின் காலைக் குறி தவறாமல் அடிக்க, "வெளுத்த பையனுக்கு எவ்வளவு தேர்ந்த கை!" என்று தாயே வியந்தாள், அதுவே பெயரானது. எதிரிக் கப்பல்கள் வருவதுபோல் மாயம் காட்ட, பதறிப்போய் அவளே ஆயுதம் பூட்டினாள். ஓக் பூ, மஞ்சள் பூ, புல்வெளிப் பூ எல்லாம் சேர்த்து ஒரு பெண்ணையே படைத்தார்கள். விதியை மதியால் வெல்லலாம் என்று நாம் சொல்கிறோமே, அதை அவர்கள் கதையாகவே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஈடிபஸ். இது கடினமான இடம், மறைக்க மாட்டேன். தந்தையைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்ற வாக்கு பலித்தது. அவன் தப்ப முயன்றான், தப்பவில்லை. அந்த அளவுக்கு நண்பர் சொல்வது உண்மை. ஆனால் இந்தக் கதையை நாடகமாக்கிய சோஃபக்ளீஸ் மேடையில் காட்டியது அதையா? கொலையும் மணமும் நாடகம் தொடங்கும் முன்பே முடிந்துபோனவை. நாம் பார்ப்பது, உண்மையைத் தோண்டும் ஒரு மனிதனை. "வேண்டாம், இதோடு விடு" என்று தாயும் மனைவியுமான யோகாஸ்தா கெஞ்சுகிறாள். விட்டிருந்தால் அவன் அரசன். விடவில்லை. கண்ணைக் குத்திக்கொண்டு வெளியே வந்தவனிடம், எந்தத் தெய்வம் உன்னைத் தூண்டியது என்று கேட்கிறார்கள். என் துன்பத்தை நிறைவேற்றியவர் அப்போலோ, ஆனால் கண்ணைக் குத்தியது வேறு யார் கையும் இல்லை, என் கை என்கிறான். விதியிடம் எல்லாவற்றையும் இழந்தவன், அந்தக் கையை மட்டும் விதிக்குக் கொடுக்க மறுக்கிறான்.

கடைசியாக ஒரே ஒரு ஆள், நடுவர் அவர்களே. கூஹுலின். அயர்லாந்தின் அக்கிலீஸ் என்பார்கள். ட்ராய்ப் போர்க்களத்திலேயே இருந்தால் சாவும் அழியாப் புகழும், ஊருக்குப் போனால் நீண்ட ஆயுள் என்று கிரேக்கப் பெருவீரன் அக்கிலீஸுக்கு இரண்டு வழி வைக்கப்பட்டது. கூஹுலினுக்கு அப்போது ஏழு வயது. இன்று ஆயுதம் ஏந்துபவன் பெயர் அயர்லாந்தில் என்றும் நிலைக்கும் என்று கத்பாத் என்ற துருயிது, அதாவது கெல்டியப் பூசாரி, சொன்னது காதில் விழ, ஓடிப்போய் மன்னனிடம் ஆயுதம் கேட்டு வாங்கிவிட்டான். ஆயுள் குறுகிவிடுமே என்று கத்பாத் பதறினார். "பெயர் நின்றால் போதும், ஒரு நாள் வாழ்ந்தாலும் சரி" என்றான். வாங்கிய ஆயுதத்தைக் கீழே வைக்கவில்லை.

பெரியவனாகிக் கடைசிப் போருக்குப் போகிறான். அவனுடைய சாம்பல் குதிரை ரத்தக் கண்ணீர் வடிக்கிறது. வழியில் மூன்று கிழவிகள், ஒரு கண் இல்லாதவர்கள், குச்சியில் நாய் இறைச்சி சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாயின் பெயர் தாங்கியவன் அவன். நாய்க்கறி தின்னக் கூடாது என்பது அவனுக்குக் கெஷ். சூழ்ச்சி என்று தெரிந்து தேரை நிறுத்தாமல் போகிறான். ஒருத்தி கூப்பிடுகிறாள்: "பெரிய அடுப்பாக இருந்தால் நின்றிருப்பாய். ஏழை அடுப்பு, அதனால்தானே போகிறாய்? சிறியவர் தருவதை ஏற்காதவருக்குப் பெருமை ஏது?"

அவன் இறங்கினான். அவள் இடக்கையால் நீட்டியதை இடக்கையால் வாங்கித் தின்றான். அந்தக் கையின் வலு போனது. கால் தொடையின் வலு போனது. தெரிந்தே செய்தான். ஏழை அடுப்பை மதிக்காமல் போனான் என்ற பேச்சைவிடச் சாவு மேல் என்று நினைத்தான்.

குத்துப்பட்டு, ஏரியில் தண்ணீர் குடித்துவிட்டு, அங்கே நின்ற கல்தூணில் தன் கச்சையாலேயே தன்னைக் கட்டிக்கொண்டான். உட்கார்ந்தோ படுத்தோ சாகக் கூடாது என்று. பறவைகள் வந்து தோளில் உட்கார்ந்த பிறகுதான் எதிரிகள் கிட்டே போனார்கள். ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியில் இறந்தவர்களின் நினைவாக டப்ளின் தலைமை அஞ்சலகத்தில் வைத்திருப்பது அந்தக் கோலத்தில் நிற்கும் கூஹுலினின் வெண்கலச் சிலை. தீர்ப்பு எழுதும்போது, அந்தக் கச்சைக்கு முடிச்சுப் போட்டது யாருடைய கை என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.