எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையை யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் இருப்பது? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கும் கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவருக்கு 36 வயது. பள்ளி ஆசிரியை. எடை 108 கிலோ. மூன்று ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் அவருக்கு, எடை குறைவதற்காக இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். "இது என் கணவருக்கு மட்டும்தான் தெரியும். மாமியார் எங்களோடு இருக்கிறார். ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள். வீட்டிலும் சொந்தத்திலும் பள்ளியிலும் யாருக்கும் சொல்லாமலேயே முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஆபரேஷன் முடிந்த ஏழாவது வாரம் கொழுந்தனார் கல்யாணம் வருகிறது. மறைப்பது தவறா? மறைக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

தவறா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தவறே இல்லை, சகோதரி. உங்கள் வயிற்றில் செய்யப்படும் சிகிச்சையைப் பற்றி ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்குக் கிடையாது. இந்தியாவில் மருத்துவர்களின் நடத்தைக்கென்று 2002இல் வந்த ஒழுங்குமுறை விதிகளே, சிகிச்சையின்போது தெரியவரும் நோயாளியின் அந்தரங்கத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது என்கின்றன. மருத்துவருக்கே அந்தக் கட்டுப்பாடு இருக்கும்போது, உங்கள் செய்தியை நீங்கள் பத்திரமாக வைத்துக்கொள்வதில் குற்ற உணர்வு எதற்கு? நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இன்று சொல்லாததை ஆறு மாதம் கழித்தும் சொல்லிக்கொள்ளலாம். ஒரு முறை சொல்லிவிட்டதைத் திரும்ப வாங்க வழியில்லை. ஆகவே, சந்தேகம் இருக்கும் இடத்தில் சொல்லாமல் இருப்பதையே நானும் தேர்ந்தெடுப்பேன்.

மறைக்க முடியுமா என்ற கேள்விக்குத்தான் நான் சற்று நிதானித்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவரிடம் இதை மறைப்பது ஆபத்தில் முடியலாம்.

இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்லும் வேலையில்தான் நான் இத்தனை காலமாக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெண்ணும் உங்களைப் போலவே கணவரிடம் மட்டும் சொல்லியிருந்தார். மாமியாரிடம், வயிற்றுப் புண்ணுக்காக இரண்டு நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாள் வாந்தி தொடங்கியது. கணவருக்கு அன்று இரவு வேலை. புண் ஆறுவதற்கு வயிறு காலியாக இருக்கக் கூடாதே என்று அந்த அம்மாள் பாசத்தோடு இரண்டு இட்லியைப் பிசைந்து ஊட்டியிருக்கிறார். வாந்தி கூடியதும் ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். விடியற்காலையில் மருத்துவமனைக்கு வந்தபோது அந்தப் பெண்ணின் உதடு வெடித்து, நாக்கு காய்ந்து, எழுந்து நிற்கவும் முடியாத நிலையில் இருந்தார். நீர்ச்சத்து ஏற்றி இரண்டு நாளில் தேறிவிட்டார். ஆனால் வார்டுக்கு வெளியே அந்த மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கஞ்சியை வடிச்சு வடிச்சுக் கொடுத்திருப்பேனேம்மா" என்று அழுததை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

ஸ்லீவ் என்பது இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய் போலத் தைத்து விடுவது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுக்கப்படும் அந்தப் பகுதியில்தான் என்பதால், பசியும் குறைகிறது. தையல் போட்ட அந்த நீண்ட கோடு ஆறும் வரை, முதல் இரண்டு வாரம் திரவ உணவு, அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு, அதற்குப் பிறகு மெதுவாகக் குழைந்த உணவு என்று படிப்படியாகத்தான் ஏற முடியும். இது அறுவை சிகிச்சை முடிந்த பிறகு தொடங்குவதும் இல்லை. இரைப்பையின் மேல் படிந்திருக்கும் கல்லீரல் சுருங்கினால்தான் மருத்துவருக்கு வேலை செய்ய இடம் கிடைக்கும் என்பதால், அதற்கு முந்தைய இரண்டு வாரமே சோறு, இட்லி, தோசையைக் குறைக்கச் சொல்வார்கள். ஆக, ஒரு மாதத்துக்கு மேல் உங்கள் தட்டு வீட்டில் உள்ள மற்றவர் தட்டைப் போல இருக்காது. தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, சிலிண்டர் நகர்த்தக் கூடாது. மேல் வயிற்றில் நான்கைந்து இடங்களில் சிறு தழும்புகள் இருக்கும். புடவை கட்டும் நம் வீடுகளில் அதை மாமியார் கண்ணிலிருந்து எத்தனை நாள் மறைத்துவிட முடியும்?

இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. முதல் சில வாரங்களில் தையலில் கசிவு ஏற்பட்டால் காய்ச்சல் வரும், நாடி வேகமாகத் துடிக்கும், வயிற்று வலி கூடும், சிலருக்கு இடது தோளில் வலிக்கும். அந்த நேரத்தில் சோடாவும் கஷாயமும் கொடுத்துக் காலையில் பார்க்கலாம் என்று படுக்க வைக்காமல், ஆட்டோவைக் கூப்பிட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோக விவரம் தெரிந்த ஒருவர் வீட்டில் எந்த நேரமும் இருக்க வேண்டும். கணவர் வேலைக்குப் போகும் நேரத்தில் அந்த ஒருவர் உங்கள் அத்தைதான். ஆகவே அவரிடம் சொல்லிவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் கணவர் தம் தாயிடம் தனியாக உட்கார்ந்து சொல்வது இன்னும் நல்லது. "மருத்துவர் சொன்னார், சர்க்கரைக்காகச் செய்கிறோம், இது நம் மூவருக்குள் இருக்கட்டும்" என்று சொல்லலாம். ஒரு பொறுப்பை நம்பி ஒப்படைத்தால் நம் ஊர்ப் பெரியவர்கள் பெரும்பாலும் அதைக் காப்பாற்றுவார்கள். மறைத்து வைத்துப் பிறகு தெரியவந்தால்தான் மனத்தாங்கல் வரும்.

மகளிடம் மறைக்கவும் வேண்டாம், எல்லாவற்றையும் விளக்கவும் வேண்டாம். "அம்மாவுக்கு வயிற்றில் ஒரு ஆபரேஷன், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட முடியும்" என்பது ஒன்பது வயதுக்குப் போதும். இதுகூடச் சொல்லாவிட்டால், அம்மா சாப்பாட்டைக் குறைத்து இளைக்கிறாள் என்று அந்தப் பெண் தானாகப் புரிந்துகொண்டு, அவளும் தட்டை ஒதுக்கத் தொடங்கலாம்.

இனி சொந்தக்காரர்களுக்கு வருகிறேன். இவர்களிடம் சொல்லாமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, நியாயமான காரணமும் உண்டு. சொல்லிவிட்டால், "சோம்பேறிகள் செய்யும் குறுக்கு வழி" என்பார் ஒருவர். "இத்தனை லட்சம் கொட்டிவிட்டு இவள் பஜ்ஜி தின்கிறாளே" என்று எண்ணிப் பார்ப்பார் இன்னொருவர். உடல் பருமன் என்பது பசியும் ஹார்மோனும் பரம்பரையும் கலந்த ஒரு நாட்பட்ட நோய் என்பதும், எடை குறைந்தால் அதை மீட்டுக்கொள்ள உடலே போராடும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. அதை விளக்கும் வேலை, தையல் ஆறாத உங்களுடையது அல்ல.

ஆனால் ஒன்றுக்குத் தயாராக இருங்கள். முதல் ஆறு மாதத்தில்தான் எடை மிக வேகமாக இறங்கும். மூன்றாவது, நான்காவது மாதத்தில் தலைமுடியும் கொத்தாக உதிரும். அது பெரும்பாலும் தற்காலிகமானது என்றாலும், பார்க்கிறவர்கள் வேறு மாதிரி கணக்குப் போடுவார்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலையில் நடக்கும்போது எதிரே வருகிறவர் நின்று, "உடம்புக்கு ஏதாவது பெரிய வியாதியா?" என்று கேட்பார். "மருத்துவர் மேற்பார்வையில் எடை குறைக்கிறேன், சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது" என்ற ஒரு வாக்கியத்தை இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மேலும் கேட்டால், புன்னகையோடு அவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி விசாரியுங்கள்.

இங்கேதான் நான் உங்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. சொல்லாமல் இருங்கள், ஆனால் பொய்யான ஒரு வைத்தியத்தை யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், பக்கத்து வீட்டுப் பெண் கேட்டபோது, தினமும் கொள்ளு ரசம் குடித்து, மாலையில் நடந்தே முப்பது கிலோ குறைத்ததாகச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்கும் நூறு கிலோவுக்குக் குறையாத எடை. நான்கு மாதம் கொள்ளு ரசம் குடித்தார், இரவுச் சாப்பாட்டை விட்டார், முழங்கால் வீங்கும் வரை நடந்தார், மூன்று கிலோ குறைந்தது. என் முன்னால் வந்து உட்கார்ந்து, "அவளால் முடிந்தது என்னால் முடியவில்லை, என்னிடம்தான் ஏதோ கோளாறு" என்று தலை குனிந்து அழுதார். உண்மை எனக்குத் தெரியும். என் தொழில் தர்மம் அதைச் சொல்ல விடவில்லை. அன்று பட்ட வேதனையில்தான் இதைச் சொல்கிறேன். உங்களைப் போலவே எடையோடு தவிக்கும் ஒருவர் உங்களிடம் தனியாக வந்து, எப்படி என்று கேட்டால், "இது சாப்பாட்டால் மட்டும் நடந்ததல்ல, நீங்களும் ஒரு நல்ல மருத்துவரைப் பாருங்கள்" என்றாவது சொல்லுங்கள். அறுவை சிகிச்சை என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வர வேண்டியதில்லை. அவர் தம்மையே பழித்துக்கொள்ளாமல் இருக்க அந்த அளவு போதும்.

பள்ளியைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். விடுப்புக்கு மருத்துவச் சான்றிதழ் கொடுங்கள். ஆசிரியர்கள் அறையில் "வயிற்றில் ஒரு அறுவை சிகிச்சை, இப்போது நலம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மருத்துவம் தொடர்பானவர்களிடம் மட்டும் எந்த ரகசியமும் வேண்டாம். மஞ்சக்குப்பத்தில் உங்களுக்குச் சர்க்கரை மாத்திரை எழுதிக் கொடுக்கும் மருத்துவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கத் தொடங்கும் என்பதால், பழைய அளவிலேயே மாத்திரை போட்டால் சிலருக்கு மயக்கம் வரும். பல் மருத்துவர், கண் மருத்துவர், மருந்துக்கடைக்காரர் என்று யாராக இருந்தாலும், வலி மாத்திரை தரும்போது சொல்லியாக வேண்டும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை, குறிப்பாக இரைப்பை பைபாஸ் (சிறிதாக்கிய இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைக்கும் இன்னொரு வகை எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை) செய்தவர்களுக்குக் குடல் இணைப்பில் புண்ணை உண்டாக்கும். ஸ்லீவ் செய்தவர்களும் தங்கள் அறுவை மருத்துவரைக் கேட்காமல் அவற்றை எடுக்கக் கூடாது. இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் ஒன்றரை ஆண்டாவது தள்ளிப்போடச் சொல்வோம். அதை மகப்பேறு மருத்துவரும் தெரிந்திருக்க வேண்டும். விட்டமின் பி12, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்கத் தொடர்பவை. காப்பீட்டுப் படிவத்தில் இந்தச் சிகிச்சையை எழுதாமல் விட்டால், பின்னால் வேறொரு நோய்க்குப் பணம் கேட்கும்போது அதைக் காரணம் காட்டி மறுக்க இடம் கொடுத்துவிடுவீர்கள். சிகிச்சையின் பெயர், தேதி, அறுவை மருத்துவரின் தொலைபேசி எண் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் ஏதேனும் நேர்ந்தால் உங்களுக்காக அது பேசும்.

கடைசியாக, கல்யாணம். நம் ஊரில் இந்த ரகசியம் உடைவது பெரும்பாலும் பந்தியில்தான். நீங்கள் மாப்பிள்ளை வீட்டு மூத்த மருமகள். உங்கள் இலையில் சோறு அப்படியே இருந்தால், பெண் வீட்டார் "சமையல் பிடிக்கவில்லையா, ஏதாவது குறையா?" என்று பதறிவிடுவார்கள். ஏழாவது வாரத்தில் நான்கைந்து பெரிய ஸ்பூனுக்கு மேல் உங்களால் சாப்பிட முடியாது. அதையும் இருபது, முப்பது நிமிடம் மென்று சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. அதற்குள் பந்தி முடிந்து அடுத்த வரிசை பின்னால் வந்து நின்றுவிடும். ஆகவே வீட்டிலேயே புரதம் உள்ளதாகப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கடைசிப் பந்தியில், வரிசையின் ஓரத்தில், உங்கள் அத்தைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பரிமாறுகிறவர் கரண்டியைச் சாய்க்கும் முன்பே இலைக்கு மேல் கையை நீட்டி, "அவளுக்கு வயிறு சரியில்லை, பாயசம் வேண்டாம், பருப்பு மட்டும் கொஞ்சம் வையுங்கள்" என்று அத்தை சொல்லிவிட்டால், பெண் வீட்டார் மனமும் நோகாது, உங்கள் ரகசியமும் கலையாது. நீங்களே சொன்னால் பத்துப் பேர் வற்புறுத்துவார்கள். சம்பந்தியம்மாள் வாயிலிருந்து வந்தால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய உணவு ஆலோசனைக்கு நீங்கள் ஒரு நாள் புதுச்சேரிக்கு வரத்தான் வேண்டியிருக்கும். அன்று அத்தையையும் அழைத்து வாருங்கள். பருப்புத் தண்ணீரை எப்படி வடிக்க வேண்டும், எத்தனை மடக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை என்பதையெல்லாம் உங்கள் ஆலோசகர் அவரிடமே நேராகச் சொல்லிக் கொடுக்கட்டும்.