டிஸ்க் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க் வைத்துக்கொள்வது பற்றிப் பேச வந்திருக்கிறேன். கல்யாண வீடியோ, பிள்ளைகளின் போட்டோ, ஆஸ்பத்திரியில் சிடி போட்டுக் கொடுத்த ஸ்கேன், ஆம்பூர்ப் பக்கம் தோல் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறவரின் டேலி டேட்டா, எல்லாம் இப்போது அந்தச் சின்னப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. ஒருநாள் அது கம்ப்யூட்டரில் தெரியவில்லை என்றால் வீட்டில் சோறு இறங்காது. ஆனால் தெரியாமல் போகிற டிஸ்க் எல்லாம் செத்துப்போன டிஸ்க் இல்லை. பல நேரம் அதற்குப் போதுமான கரண்ட் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ஆகவே கரண்டிலிருந்தே தொடங்குகிறேன்.

கடையில் இரண்டு வகை கிடைக்கிறது. சட்டைப் பையில் போகிற அளவில் இருப்பது ஒன்று. உள்ளே இருப்பது 2.5 அங்குல டிஸ்க். தனி அடாப்டர் கிடையாது, யுஎஸ்பி கேபிள் வழியாக வரும் 5 வோல்ட்டிலேயே ஓடும். இன்னொன்று புத்தகம் போலப் பெரியது, 3.5 அங்குலம். அதற்கு 12 வோல்ட் அடாப்டர் சேர்த்தே கொடுப்பார்கள்.

சின்ன டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். பழைய யுஎஸ்பி 2 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர். யுஎஸ்பி 3 போர்ட், அதாவது பெரும்பாலும் உள்ளே நீல நிறமாக இருப்பது, 900 மில்லி ஆம்பியர் தரும். டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது இது போதும். ஆனால் நின்றிருக்கும் தட்டு சுழல ஆரம்பிக்கும் அந்தச் சில விநாடிகள் இருக்கிறதே, அப்போது சில டிஸ்குகள் ஒரு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அங்கேதான் சிக்கல். சிபியு பெட்டியின் முன்பக்கப் போர்ட்டிலிருந்து மதர்போர்டுக்கு உள்ளே ஒரு மெல்லிய வயர் போகிறது. உள்ளூரில் அசெம்பிள் செய்த பெட்டிகளில் அந்த வயர் பல சமயம் சுமாரான தரம். அதோடு நீங்கள் ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளும் போட்டால், 5 வோல்ட் டிஸ்க்குக்குப் போய்ச் சேரும்போது குறைந்துவிடும். டிஸ்க்கில் விளக்கு எரியும், லேசாக ஒரு டிக், பிறகு அமைதி, மறுபடி டிக். விண்டோஸ் இணைத்த சத்தமும் பிரித்த சத்தமும் மாறி மாறிக் கொடுக்கும். பார்க்கிறவர் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்.

செய்ய வேண்டியது இதுதான். சிபியுவின் பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் நீலப் போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். நடுவில் ஹப் வேண்டாம், நீட்டிப்புக் கேபிள் வேண்டாம். அப்படியும் தெரியவில்லையா, கேபிளை மாற்றுங்கள். இந்த டிஸ்குகளில் பலவற்றுக்கு ஒரு முனை அகலமாக, இரண்டு பகுதியாகப் பிரிந்த மாதிரி இருக்கும், மைக்ரோ-பி என்பார்கள். அந்த முனைதான் முதலில் தளரும். கேபிளோடு சேர்த்து டிஸ்க்கைத் தூக்குவது, கேபிளை டிஸ்க்கின்மேல் இறுக்கிச் சுற்றி வைப்பது, இரண்டும் அதன் ஆயுளைக் குறைக்கும். டைப்-சி டிஸ்க் என்றால் இன்னொரு எச்சரிக்கை: போன் சார்ஜரோடு வந்த கேபிள்களில் சில சார்ஜ் ஏற்ற மட்டுமே. டேட்டா வயரே உள்ளே இருக்காது. வேறு பல, டேட்டா போனாலும் யுஎஸ்பி 2 வேகத்தில்தான் போகும்.

வேகம் என்றதும் ஒரு கணக்கு. 500 ஜிபி காப்பி செய்கிறீர்கள். யுஎஸ்பி 2 வழியாக விநாடிக்கு 30 எம்பி போல வரும். நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே டிஸ்க் நீலப் போர்ட்டில் 100 எம்பி கொடுத்தால் ஒன்றரை மணிக்குள் முடியும். ஆரம்பத்தில் நூறு காட்டிவிட்டுப் பாதியில் இருபது, முப்பது என்று இறங்கினால் பயப்பட வேண்டாம். இன்றைய சின்ன டிஸ்குகளில் பல, தடங்களை ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறும்படி எழுதுகின்றன. முதலில் ஒரு தற்காலிக இடத்தில் வேகமாக வாங்கிக்கொண்டு, அது நிறைந்ததும் மூச்சு வாங்கும். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன போட்டோக்கள் என்றாலும் வேகம் குறையத்தான் செய்யும்.

இனி பெரிய டிஸ்க். அதன் அடாப்டர் தொலைந்துவிட்டால் கையில் கிடைத்ததைச் செருகாதீர்கள். லேப்டாப் அடாப்டர் பொதுவாக 19 வோல்ட். பின் பொருந்திவிட்டால் டிஸ்க்கின் பச்சை போர்டு ஒரு நொடியில் கருகிவிடலாம். ரவுட்டர் அடாப்டர் 12 வோல்ட்தான், ஆனால் பலவற்றில் ஒரு ஆம்பியர்தான் இருக்கும். பெரிய டிஸ்க் கிளம்பும்போது அது பத்தாது. வோல்ட், ஆம்பியர், பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா, மூன்றும் லேபிளில் அச்சடித்திருக்கும். பழைய அடாப்டரின் லேபிளை இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, பலர் கவனிக்காதது. சிபியுவை யுபிஎஸ்ஸில் போட்டிருப்பார்கள், டிஸ்க்கின் அடாப்டரை மட்டும் பக்கத்துச் சுவர் பிளக்கில் மாட்டியிருப்பார்கள். கரண்ட் போகும்போது கம்ப்யூட்டர் ஓடுகிறது, டிஸ்க் மட்டும் எழுதிக்கொண்டிருந்த இடத்திலேயே நின்றுபோகிறது. பைல் பட்டியல் கெட்டுப்போக இது ஒன்றே போதும். அடாப்டரையும் யுபிஎஸ்ஸின் பேட்டரி பிளக்கிலேயே மாட்டுங்கள்.

அடுத்தது நம்ம ஊர் வெயில். சின்ன டிஸ்குகளில் பலவற்றுக்கு உற்பத்தியாளர் சொல்லும் அறை வெப்பம் 5 முதல் 35 டிகிரி வரைதான். வேலூரில் அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40-ஐத் தாண்டும். சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் மதியம் மூன்று மணிக்கு 35-க்குள் எங்கே இருக்கப்போகிறது? ஆகவே மே மாதத்தில் பெரிய காப்பி வேலையை விடியற்காலையில் வையுங்கள். டிஸ்க்கை மெத்தைமேல் வைக்காதீர்கள், சிபியுவின் சூடான காற்று வரும் பக்கமும் வைக்காதீர்கள். வெறும் மேசைமேல், ஃபேன் காற்று படும்படி வைத்தால் போதும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க்கின் வெப்பநிலையைக் காட்டும். 50-ஐத் தாண்டினால் நிறுத்தி ஆறவிடுங்கள். 60 என்பது பல டிஸ்குகளுக்கு உச்ச வரம்பு. ஸ்கூட்டர் டிக்கியில் டிஸ்க்கை வைத்துவிட்டுக் கோட்டைக்கு எதிரே வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள், வீட்டுக்கு வந்ததும் உடனே செருகாமல் அரை மணி நேரம் ஆறவிடுவது நல்லது.

சூட்டைவிட மோசமானது ஆட்டம். உள்ளே கண்ணாடி போன்ற தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது. படிக்கும் முனை அதைத் தொடாமல், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத உயரத்தில் மிதக்கிறது. ஓடும்போது டிஸ்க் கீழே விழுந்தால், ஏன், மேசையில் படுத்திருப்பதை நிமிர்த்தி நிறுத்தும்போது படக்கென்று சாய்ந்தால்கூட, முனை தட்டில் உரசலாம். அதனால் ஓடும் டிஸ்க்கை நகர்த்தவே கூடாது. சேஃப்லி ரிமூவ் கொடுங்கள், பத்து விநாடி பொறுங்கள், சுழலும் அதிர்வு விரலுக்கு அடங்கியது தெரிந்தபின் கழற்றுங்கள். டிஸ்க் பயன்பாட்டில் இருக்கிறது என்று விண்டோஸ் மறுத்தால், அதிலிருந்து திறந்த வேர்டு, வீடியோ, போல்டர் எல்லாவற்றையும் மூடிப் பாருங்கள். அப்படியும் அடம்பிடித்தால் கம்ப்யூட்டரையே ஷட்டவுன் செய்துவிட்டுக் கழற்றுங்கள். ஸ்லீப் போதாது.

பார்மேட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1 டிபி டிஸ்க் கம்ப்யூட்டரில் 931 ஜிபி என்று காட்டுவது ஏமாற்று இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது. ஃபேட்32 என்ற பழைய பார்மேட்டில் ஒரு பைல் 4 ஜிபிக்கு மேல் போகாது, கல்யாண வீடியோ பாதியில் நிற்பது அதனால்தான். வீட்டில் விண்டோஸ் மட்டுமே என்றால் என்டிஎஃப்எஸ் போடுங்கள். மேக்கிலும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். ஆனால் எக்ஸ்ஃபேட்டில், எழுதும்போது குறிப்பு வைத்துக்கொள்ளும் வசதி இல்லை. திடீரென்று பிடுங்கினால் சேதம் கூடும்.

இனி உண்மையிலேயே கோளாறு வந்த நேரம். ஒருவர் தம் டேட்டாவைத் தம் கையாலேயே அழிப்பது பெரும்பாலும் அந்த முதல் அரை மணியில்தான். செருகியதும், டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் பார்மேட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி வரும். கேன்சல் கொடுங்கள். அவசரத்தில் அதற்குச் சரி சொல்லிவிட்டுப் பிறகு அழுகிறவர்கள் அதிகம். கேன்சல் கொடுத்துவிட்டு ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்கள். அங்கே டிஸ்க் சரியான அளவோடு, ஆரோக்கியமாகத் தெரிந்து, டி, இ போன்ற டிரைவ் எழுத்து மட்டும் இல்லையென்றால் வேலை சுலபம். அதன்மேல் ரைட் கிளிக் செய்து டிரைவ் லெட்டர் கொடுத்தால் எல்லாம் திரும்ப வந்துவிடும். இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். புது டிஸ்க்குக்கு மட்டும்தான் அது.

டிஸ்க் திறக்கிறது, ஆனால் ஒரு போல்டரைத் திறக்க ஒரு நிமிடம் ஆகிறது என்றால் நேரத்தை வீணாக்காதீர்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மஞ்சள் நிறம் காட்டுகிறதா, 05, சி5, சி6 என்ற வரிகளில், கடைசியில் இருக்கும் ரா வேல்யூஸ் கட்டத்தில் பூஜ்யத்துக்கு மேல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தட்டு பழுதாகிவருகிறது. சி7 மட்டும் ஏறுகிறது என்றால், பெரும்பாலும் தட்டில் கோளாறு இல்லை. கேபிளிலோ பெட்டிக்குள் இருக்கும் இணைப்பிலோதான். தட்டு பழுது என்று தெரிந்தால் மிக முக்கியமான, சின்ன பைல்களை முதலில் வேறு டிஸ்க்குக்கு எடுங்கள்: பத்திரம், கணக்கு, போட்டோ. சினிமா கடைசியில். விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் சரிபார்க்கும் கட்டளையான செக்டிஸ்க் ஓட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், காப்பி முடிந்தபின் ஓட்டலாம் என்று சொல்லிவிடுங்கள். அது பைல் பட்டியலை ஒழுங்குபடுத்தும், உங்கள் போட்டோவைக் காப்பாற்றாது. பழுதான தட்டை மணிக்கணக்கில் உரசி மேலும் கெடுக்கவும் செய்யும்.

பின்பக்கப் போர்ட், நல்ல கேபிள், இரண்டும் போட்ட பிறகும் டக் டக் என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் உடனே கழற்றுங்கள். இன்னொரு கம்ப்யூட்டரில், இன்னொரு முறை என்று முயலவே வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்து எடு என்று ஒரு வைத்தியம் சுற்றுகிறது. உள்ளே ஈரம் கோத்துக்கொள்வதுதான் மிச்சம். மூடியைத் திறந்தால் நம்ம ஊர்த் தூசி ஒரு துணுக்கு போதும், கதை முடிந்தது. வெளிப் பெட்டியைக் கழற்றி உள்ளே இருக்கும் டிஸ்க்கை நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டலாமே என்பார்கள். பழைய டிஸ்குகளில் முடியும். இப்போது வரும் சின்ன டிஸ்குகள் பலவற்றில் யுஎஸ்பி முனை போர்டிலேயே பற்றவைத்திருக்கிறது, கம்ப்யூட்டருக்குள் மாட்டுவதற்கான சாட்டா முனையே கிடையாது. சிலவற்றில் போர்டு டேட்டாவைப் பூட்டியே எழுதும். அந்தப் போர்டு இல்லாமல் எதுவும் படிக்காது. வாரண்டி உண்டே என்றால், வாரண்டியில் வருவது வேறொரு காலி டிஸ்க்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. சில நூறு ரூபாய்க்கு 16 டிபி என்று விற்கும் டிஸ்க்கை நம்பாதீர்கள். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும், அளவை மட்டும் பொய்யாகக் காட்டும். இடம் நிறைந்தபின் போடுகிற பைல்கள் பெயரளவில் இருக்கும், திறக்காது.

கடைசியாக, கம்ப்யூட்டரிலிருந்து கட் செய்து டிஸ்க்கில் பேஸ்ட் செய்வது பேக்கப் ஆகாது. இருந்த ஒரு பிரதி இடம் மாறியது, அவ்வளவுதான். காப்பி கொடுங்கள். முடிந்ததும் இரண்டு பக்கத்திலும் போல்டரின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து பைல் எண்ணிக்கையும் பைட் அளவும் ஒன்றா என்று பாருங்கள். இரண்டு மூன்று வீடியோவை நடுவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். பிறகு டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். எப்போதும் செருகியே இருந்தால், பைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் கம்ப்யூட்டரோடு சேர்த்து அதையும் பூட்டிவிடும். முக்கியமானவற்றுக்கு இரண்டாவது டிஸ்க் ஒன்று போடுங்கள். அதை அதே அலமாரியில் வைக்காமல் வேறு ஊரில், ஆரணியில் அக்கா வீடோ, குடியாத்தத்தில் மாமா வீடோ, அங்கே வையுங்கள். 2021 நவம்பரில் பாலாறு பெருகியபோது தண்ணீர் புகுந்த வீடுகளில் ஒரே அலமாரியில் இருந்த எல்லாம் ஒன்றாகத்தான் நனைந்திருக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுசை அங்கே வைத்துவிட்டு, பழையதை எடுத்துவந்து மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். டிஸ்க்கின்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, எந்தத் தேதி வரைக்கும் உள்ளது அதில் இருக்கிறது என்று பேனாவால் எழுதிவிடுங்கள்.

வணக்கம்.