ஊர் கூடிக் கை உயர்த்தினாலும்

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, அம்மாமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

சட்டங்களைச் சனங்களே நேரே வாக்களித்துத் தீர்மானிக்கும் நேரடி மக்களாட்சி சுதந்திரவாதத்தோடு ஒத்துப்போகுமா என்பது இன்றைய கேள்வி. ஒத்துப்போகாது என்பது எங்கள் அணி. என் உடம்பு, என் மனச்சாட்சி, நான் உழைத்துத் தேடியது, இவை என்னுடையவை. நான் பிறருக்குத் தீங்கு செய்யாதவரை அவற்றில் பலவந்தமாகக் கைவைக்க அரசனுக்கும் உரிமை இல்லை, அமைச்சருக்கும் இல்லை, ஊரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் திரண்டு வந்தாலும் இல்லை. சுதந்திரவாதம் சொல்வது இவ்வளவுதான்.

எதிரணித் தலைவர் சுவிஸைக் காட்டினார். சனங்களே சட்டத்தைத் தீர்மானிக்கும் நாடு என்றார். சரி, அங்கேயே போவோம். 2009 நவம்பரில் அந்தச் சனங்கள் பள்ளிவாசலுக்கு மினாரா எனும் உயர்ந்த கோபுரம் கட்டுவதைத் தடை செய்தார்கள். ஆம் என்றவர்கள் 57.5 வீதம். அப்போது நாடு முழுவதற்கும் இருந்தவை நாலே நாலு மினாராக்கள். அரசாங்கமும் நாடாளுமன்றமும் இதை நிராகரியுங்கள் என்று கேட்டும் சனங்கள் கேட்கவில்லை. சொந்தக் காணியில், சொந்தக் காசில் எழுப்பும் ஒரு கட்டடம் அது. அங்கே எங்கள் பிள்ளைகளும் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள். நாளைக்குக் கோபுரம் வேண்டுமா வேண்டாமா என்று அதே பெட்டியை வைத்தால் என்ன சொல்வீர்கள்? இன்னொன்று. பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதா என்று 1959இல் அந்த நாட்டு ஆண்கள் வாக்களித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் கூடாது என்றார்கள். அந்தப் பெண்கள் 1971வரை காத்திருந்தார்கள்.

சனங்களிடம் விட்டால் வரியைக் குறைப்பார்கள் என்றார் எதிரணியில் பேசிய தங்கை. கலிபோர்னியாவில் 1978இல் சொத்து வரிக்குக் கடிவாளம் போட்டது உண்மைதான். அதே கலிபோர்னியா 2012இல் அதே வாக்கெடுப்பு முறையில் வருமான வரியையும் விற்பனை வரியையும் உயர்த்தியதே, தங்கை!

வெளிநாட்டுக் கதை போதும். இனி எங்கள் கதை. நாட்டில் நாங்கள் சிறுபான்மை, அதனால் பெரும்பான்மையின் கை எப்படி அழுத்தும் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும் என்கிறோம். ஆனால் எங்கள் ஊர்களுக்குள்ளே? ஒரு காலத்தில் இந்த யாழ்ப்பாணத்தில் இன்ன சாதி ஆண் தோளில் சால்வை போடக்கூடாது, இன்ன சாதிப் பெண் மேலாடை அணியக்கூடாது, நகை போடக்கூடாது என்று ஊர்வழக்கம் இருந்தது. ஒருத்தி தன் உடம்பில் எதை உடுத்துவது என்பதை அவள் தீர்மானிக்கவில்லை. அந்த நாளில் ஒரு நேரடி மக்களாட்சிவாதி ஊரைக் கூட்டி, 'கை உயர்த்துங்கள்' என்று கேட்டிருந்தால் கைகள் எந்தப் பக்கம் கூடியிருக்கும்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். அந்தக் கைகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்ல என்னால் முடியாது.

1982 டிசம்பரில் இந்த நாடு நடத்திய சர்வசன வாக்கெடுப்பை இங்கே இருக்கும் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேர்தல் வைக்காமல் நாடாளுமன்றத்தின் காலத்தை நீடிப்பதா என்பது கேள்வி; ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். யாழ்ப்பாணம் குடத்துக்குப் போட்டது. நாடு முழுவதும் எண்ணியபோது விளக்குக்கு 54.66 வீதம். 1977இல் தெரிவான நாடாளுமன்றம் தேர்தலே இல்லாமல் 1988 டிசம்பர்வரை இருந்தது. அதில் முறைகேடு நடந்தது என்று எதிரணி சொல்லும். முறைகேடே இல்லாமல் நடந்திருந்தாலும் என் கேள்வி மாறாது: என் பிரதிநிதியை மாற்றும் உரிமையை என் அயலவர் எனக்காக எப்படி விட்டுக்கொடுக்கலாம்?

அப்போ நாடாளுமன்றம் மட்டும் யோக்கியமா, 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தது அதுதானே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாடாளுமன்றத்துக்காக வாதாட நான் வரவில்லை. ஆனால் அந்தச் சட்டம் தேர்தல் மேடையில் வாக்குறுதியாகி, வெற்றி பெற்று வந்த சட்டம். சனங்களிடம் நேரே கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும் என்று எதிரணி நம்புகிறதா?

வாக்கெடுப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. பங்குக் கிணற்றை எப்போது இறைத்துத் துப்புரவாக்குவது, யாருக்கு எந்த நாள் முறை, இதையெல்லாம் பங்காளர் கூடித்தான் முடிவெடுக்க வேண்டும். என் தோட்டத்தில் வெங்காயம் நடுவதா, புகையிலை நடுவதா என்பதற்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. நேரடி மக்களாட்சி இந்த வரம்பை ஏற்பதில்லை. போதிய கைகள் உயர்ந்தால் எதையும் எடுக்கலாம் என்பதுதான் அதன் அடிப்படை.

எங்கள் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையைத் தடை செய்கிறது. அதை மாற்றுவதென்றால் 83ஆம் உறுப்புரைப்படி நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், அதன் பிறகு சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். நல்ல காவல்தானே என்பீர்கள். ஒரு மனிதனைச் சித்திரவதை செய்யலாமா என்பதை வாக்குக்கு விடலாமா? விடலாம் என்றால் எத்தனை வீதம் போதும்? எதிரணியில் அடுத்து வருபவர் முதலில் அந்த எண்ணைச் சொல்லட்டும், நடுவர் அவர்களே.