என்னிடம் யாராலும் முடியாது

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு செடியின் பெயரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பிரேசிலில் பேசும் போர்ச்சுகீசிய மொழியில் அதன் பெயர் ‘கொமீகு நிங்கேம் போஜி’. கொமீகு என்றால் என்னோடு, நிங்கேம் என்றால் ஒருவரும் இல்லை, போஜி என்றால் முடியும். சேர்த்தால், ‘என்னிடம் யாராலும் முடியாது’.

என்ன முடியாது? பெயர் அதைச் சொல்வதில்லை. நாமும் ‘அவன்கிட்ட முடியாதுப்பா’ என்று பாதியிலேயே நிறுத்துகிறோம், கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது. ‘என்னிடம் உன் பாச்சா பலிக்காது’ என்று தமிழாக்கினாலும் எனக்குச் சம்மதம்தான்.

எழுதும்போது மூன்று சொல்லுக்கும் நடுவே சிறுகோடு போடுகிறார்கள். கோடு இருந்தால் செடி. எடுத்துவிட்டால் யாரோ மார்தட்டிச் சொல்லும் சவால்.

நீங்கள் பார்த்த செடிதான். தடித்த தண்டு, அகன்ற பச்சை இலை, இலை நடுவே மோர் தெளித்தது போல வெள்ளைத் திட்டுகள். நம் நர்சரிகளில் டீஃபன்பாக்கியா என்று விற்பது இதுதான். அது வியன்னாவில் இருந்த ஒரு தோட்டக்காரரின் பெயரிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் இதை ஊமைத்தண்டு என்ற பொருளில் அழைக்கிறார்கள். அந்தப் பெயர், செடியைக் கடித்தவரின் கதியைச் சொல்கிறது. போர்ச்சுகீசியப் பெயரிலோ செடியே வாய் திறந்து பேசுகிறது. அதனால்தான் எனக்கு இந்தப் பெயர் அவ்வளவு பிடிக்கும்.

சேப்பங்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கும் அல்லவா? கால்சியம் ஆக்சலேட் என்ற பொருள் ஊசி ஊசியாக இருந்து தோலில் குத்துவதால் வரும் அரிப்பு அது. இந்தச் செடியும் அதே குடும்பம், அதே ஊசிகள். சேம்பைப் புளி விட்டு வேகவைத்துச் சாப்பிட்டுவிடுகிறோம். இதை எப்படிச் சமைத்தாலும் சாப்பிடக் கூடாது. இலையைக் கடித்தால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கும், பேச்சே வராமல் போகலாம்.

இப்படிப்பட்ட செடியைத்தான் பிரேசிலில் வீட்டு வாசலிலும் கடை வாசலிலும் வைக்கிறார்கள், கண்ணேறு படாமல் இருக்க. ஏழு செடிகளை ஒரே தொட்டியில் நட்டு வைக்கும் வழக்கமும் உண்டு. அதில் இதனோடு அருவதா என்ற மூலிகை, ரோஸ்மேரி, மிளகாய் எல்லாம் இருக்கும். எலுமிச்சையோடு மிளகாயைக் கோத்து வாசலில் கட்டுகிற நமக்கு அந்த மிளகாய் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் இந்தச் செடி இருந்தால், தவழும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அப்படியும் கடித்துவிட்டால் வாயை நன்றாகக் கழுவுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள். போகும்போது ஒரு இலையைப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.